கூடாரத்தில் கால் குளிராதிருக்க

அண்மையில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குப் புத்தகங்களைப் பார்வையிட்டு முடித்து எழுந்த வேளையில், அச்சங்கத்தின் மூத்த அங்கத்தினர் ஒருவர் தம் இளைய மகனை அழைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். மகன் கல்லூரியில் பயில்பவர். வருகின்ற ஜனவரியில் தோழர்களுடன் லடாக் சென்று, உறைந்த ஜான்ஸ்கர் ஆற்றின் மீது நடந்து, இரவுகளைக் கூடாரத்தில் கழிக்கும் பயணத்திற்குப் பெயர் கொடுத்திருக்கிறார். கையில் ஒரு விலைப்பட்டியல். அதில் சிறு தலையணைகளைப் போல் உப்பிய காலணிகளின் படங்கள். ஒன்றின் விலைக்கும் மற்றொன்றின் விலைக்கும் நான்கு மடங்கு வேற்றுமை. “ஐயா, இவற்றில் எதை வாங்குவது?” என்று தந்தையார் கேட்டார்.

அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருடைய மூத்த மகன் இதே போன்றதொரு பயணம் சென்று, இடது காலில் இரு விரல்களின் நுனி கறுத்துத் திரும்பினார். விரல்கள் தப்பிவிட்டன. ஆனால் நான்கு மாத காலம் குழித்தறியில் அமர்ந்து மிதி மிதிக்க அவரால் இயலவில்லை. நெசவாளருக்குக் கை எவ்வளவு முக்கியமோ, காலும் அவ்வளவு முக்கியம் என்பதை நாம் எடுத்துக் கூற வேண்டியதில்லை.

அன்று நாம் சுருக்கமாகக் கூறிய விடையை இங்கே விரிவாக எழுதுகிறோம். நம் அங்கத்தினர்களின் பிள்ளைகள் இப்போது கல்லூரிக் குழுக்களுடனும் நண்பர்களுடனும் இமயமலைக்குச் சென்று வருகின்றனர். மேலும், இது நாரையும் நூலையும் துணியையும் பற்றிய செய்தியாதலால், நம்மவர்க்கு எளிதில் விளங்கக் கூடியதே ஆகும்.

இக்காலணி எதற்காக?

கடைகளில் இதனை ‘பூட்டீஸ்’ என்பர். நாம் ‘கூடாரக் காலணி’ என்றே கூறுவோம். இது நடைப் பயணத்திற்கு உரியதன்று. பகல் முழுதும் கனத்த பூட்ஸ் அணிந்து நடந்தவர், மாலையில் அதனைக் கழற்றிய பின், கூடாரத்தினுள் அமரும்போதும் உறங்கும்போதும் அணிவதற்காகச் செய்யப்பட்டது. கணுக்காலுக்கு மேல் வரை மூடும். இரண்டு துணிகளுக்கு நடுவே மென்மையான திணிப்பு இருக்கும். எடை மிகக் குறைவு.

பகலில் நடக்கும்போது தசைகள் உழைத்துச் சூட்டை உண்டாக்குகின்றன. தங்குமிடம் சேர்ந்து அமர்ந்தவுடன் அந்தச் சூடு நின்றுவிடுகிறது; வெயிலும் மறைகிறது. ஜான்ஸ்கர் பள்ளத்தாக்கில் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழே 20 டிகிரி செல்சியஸுக்கும் கீழே செல்வதுண்டு. ஆகவே ஆபத்து நடையில் இருப்பதைவிட ஓய்வில்தான் மிகுதி.

வரவும் செலவும்

சங்கத்தின் கணக்கை அறிந்தவர்களுக்கு உடலின் வெப்பக் கணக்கும் எளிதில் விளங்கும். ஓய்வாக அமர்ந்திருக்கும் மனிதரின் உடல் ஏறக்குறைய 100 வாட் அளவு வெப்பத்தை வெளியிடுகிறது. இதுவே வரவு. குளிர் மிகும்போது உடல் ஒரு கண்டிப்பான நிர்வாகியைப் போல் நடந்துகொள்கிறது. இருதயம், நுரையீரல், மூளை ஆகியவற்றைக் காப்பதற்காக, கைகால்களுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. இருதயத்திற்குத் தொலைவில் இருப்பதும், தசை குறைந்திருப்பதுமான கால் விரல்களுக்கே ஒதுக்கீடு முதலில் குறைக்கப்படுகிறது.

இங்கே நாம் மனத்திற்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. காலணி சூட்டை உண்டாக்குவதில்லை. அது செலவைக் குறைக்கும், வரவைத் தாராது. உடலிலிருந்து பாதத்திற்கு வருகின்ற சிறிதளவு சூட்டை விரயமாகாமல் காப்பது மட்டுமே அதன் பணி. முன்பே சில்லிட்டுப் போன பாதத்தை எவ்வளவு உயர்ந்த காலணியினுள் நுழைத்தாலும், அது சில்லிட்டவாறே நெடுநேரம் இருக்கும். இதனை அறியாமல் விலையை மட்டும் பார்த்து வாங்குவோர் ஏமாற்றம் அடைகின்றனர்.

காப்பது நாரன்று, காற்றே

செலவைக் குறைப்பது எது? தூவியா, கம்பளியா, பஞ்சா என்று கேட்டால், இவற்றில் எதுவுமன்று. அவற்றின் நடுவே அசையாமல் நிற்கும் காற்றே என்பதுதான் விடை. அசையாத காற்று வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். ஆனால் காற்றுக்கு ஓரிடத்தில் நிற்கும் இயல்பு இல்லை. அதனை எண்ணற்ற சிறு அறைகளில் அடைத்து நிறுத்துவதே நாரின் வேலை. புதிதாக அடித்த பஞ்சு மெத்தை கதகதப்பாக இருப்பதும், பல ஆண்டு படுத்து அமுங்கிய மெத்தை குளிர்வதும் இதனாலேயே. பஞ்சு அதே பஞ்சுதான்; காற்று வெளியேறிவிட்டது.

இதிலிருந்து இரண்டு விதிகள் பிறக்கின்றன. ஒன்று, திணிப்பு அமுங்கினால் காப்பு போயிற்று. மற்றொன்று, திணிப்பு நனைந்தாலும் காப்பு போயிற்று. ஏனெனில் நீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துகிறது. கூடாரக் காலணியைப் பற்றிய எல்லாச் செய்திகளும் இவ்விரண்டினுள் அடங்கும்.

எவரெஸ்டில் இலவம் பஞ்சு

1953ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் எட்மண்ட் ஹிலாரியும் டென்சிங் நோர்கேயும் எவரெஸ்டின் உச்சியை அடைந்தனர். அந்தப் பயணக் குழுவினர் மலையின் மேற்பகுதிகளில் அணிவதற்கென்று இங்கிலாந்தில் தனியாகச் செய்யப்பட்ட பூட்ஸின் உட்புறத்தில், ஏறக்குறைய ஓர் அங்குலத் தடிப்பில், நூற்கப்படாத இலவம் பஞ்சு வைக்கப்பட்டிருந்தது என்பது நம் அங்கத்தினர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும். போடிநாயக்கனூர்ப் பகுதியில் நாம் மெத்தைக்கும் தலையணைக்கும் அடைக்கின்ற அதே இனப் பஞ்சுதான். இலவம் பஞ்சின் ஒவ்வோர் இழையும் உள்ளே கூடானது. அதன் உட்புறத்தில் பெரும்பகுதி காற்றே. மேலே இயற்கையான மெழுகுப் பூச்சு இருப்பதால் எளிதில் நீரை ஏற்பதில்லை. இழை குட்டையாகவும் வழுவழுப்பாகவும் இருப்பதால் தனியே நூற்பதற்கு இணங்காது. ‘இலவு காத்த கிளி’ என்று நம்மவர் ஏளனமாகப் பேசினாலும், பனியில் கால்களைக் காக்கும் பணியில் இலவு யாரையும் ஏமாற்றவில்லை.

ஆயினும் அதே பயணத்தில் மற்றொரு பாடமும் உண்டு. உச்சியை அடைவதற்கு முந்திய இரவு, சற்று ஈரமாகியிருந்த தம் பூட்ஸை ஹிலாரி கழற்றி வைத்துவிட்டுப் படுத்தார். விடியலில் அவை கல்லைப் போல் உறைந்திருந்தன. ஸ்டவ்வின் நெருப்பில் காட்டி அவற்றை இளக்குவதற்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆயிற்று. அத்துணைச் சிறந்த திணிப்பு இருந்தும், சிறிது ஈரம் எவ்வளவு இடர் விளைத்தது என்பதைக் காண்க.

மூத்தவருக்கு நேர்ந்தது

நம் அங்கத்தினரின் மூத்த மகனுக்கு நேர்ந்ததும் ஈரத்தால் விளைந்ததே. அவர் வாங்கியிருந்த காலணி மலிவானதன்று. தூவி நிறைந்த, விலையுயர்ந்த ஒன்று. மூன்றாம் நாள் இரவு தண்ணீர் எடுத்து வருவதற்காக அதனை அணிந்தவாறே பனியில் சிறிது தூரம் நடந்தார். மெல்லிய அடித்துணியின் வழியே ஈரம் ஏறிற்று. அசதியினால் அதனைக் கழற்றாமல் அப்படியே உறங்கினார். விடியலில் இரு விரல்களில் உணர்ச்சி இல்லை. “மேலே எவ்வளவு உப்பியிருக்கிறது என்று பார்த்து வாங்கினேன், அடியைப் பார்க்கவில்லை” என்று அவரே நம்மிடம் கூறினார். இவ்வொரு வாக்கியத்தை வாங்குவோர் அனைவரும் நினைவிற் கொள்வது நன்று.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலாவது, அடிப்பாகம். நிற்கும்போது உடலின் பாரம் முழுவதும் அடியில் விழுகிறது. அங்கே தூவியை அடைத்தாலும் பஞ்சை அடைத்தாலும் அமுங்கித் தாள் போலாகிவிடும். ஆகவே அடியில் எளிதில் அமுங்காத பொருள் இருத்தல் வேண்டும். காற்றறைகள் மூடிய ஃபோம் அட்டை அல்லது தடித்த கம்பளி நமுதா இதற்கு ஏற்றது. கட்டை விரலால் அடியை அழுத்திப் பாருங்கள். மறுபுறம் வைத்த விரல் உடனே தட்டுப்பட்டால் அக்காலணியை ஒதுக்கிவிடலாம். உள் அட்டையைத் தனியே எடுத்து உலர்த்தும்படி இருந்தால் மிகவும் நல்லது. வெளி அடியில் நீர் புகாத துணியும், வழுக்காதிருக்க ரப்பர்ப் புள்ளிகளும் வேண்டும். வெறும் ரப்பர் நீரைத் தடுக்கும், குளிரைத் தடுக்காது.

இரண்டாவது, திணிப்பு. வாத்து, பெருவாத்து ஆகியவற்றின் மார்பிலுள்ள மென்தூவியே எடைக்கு எடை மிகுந்த காப்பைத் தருகிறது. ஓர் அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குல இடத்தை நிரப்புகிறது என்பதைக் கொண்டு அதன் தரத்தைக் கணிக்கின்றனர். 600 என்றால் நல்லது. 800 என்றால் மிக உயர்ந்தது. இதன் குறை, நனைந்தால் திரண்டு கட்டியாகிவிடும். குளிரில் உலர்வதும் அரிது. மற்றொரு வகை பாலியெஸ்டர் நுண்ணிழைத் திணிப்பு. அமெரிக்க இராணுவத்திற்குத் தூவிக்கு மாற்றாக 1980களில் உருவாக்கப்பட்டதும் இவ்வகையைச் சேர்ந்தது. எடை சற்று மிகுதி, ஆனால் ஈரத்தை ஏறக்குறைய ஏற்பதே இல்லை, நனைந்தாலும் ஓரளவு உப்பியே நிற்கும், விலையும் குறைவு.

எது ஏற்றது? ஈரமற்ற கடுங்குளிரில், நீரருகே செல்லாமல் கூடாரத்தினுள் மட்டுமே அணிவோருக்குத் தூவி சிறந்தது. ஈரப்பனி பெய்யும் மலைச்சரிவுகளுக்குச் செல்வோரும், உறைந்த ஆற்றின் மீது செல்வோரும் பாலியெஸ்டர்த் திணிப்பையே தேர்ந்தெடுக்கலாம். பாதங்களும் வியர்க்கின்றன என்பதை மறத்தலாகாது. பல இரவுகள் தொடர்ந்து அணியும்போது அவ்வியர்வையும் தூவியில் சேர்ந்து அதன் உப்பலைக் குறைக்கிறது.

மூன்றாவது, அளவு. தடித்த காலுறை அணிந்த பின்னும் விரல்களை உள்ளே தாராளமாக அசைக்க இயல வேண்டும். இறுக்கமான காலணி இரண்டு தீங்கு செய்கிறது. திணிப்பை அமுக்கிக் காற்றை வெளியேற்றுகிறது. இரத்த ஓட்டத்தையும் தடுக்கிறது. இரண்டு அளவுகளுக்கு நடுவே ஐயம் நேர்ந்தால் பெரியதை வாங்குக. அதே காரணத்தினால் காலுறைகளை ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று அணிந்து திணிப்பதும் தவறு.

நான்காவது, துணியும் தையலும். இவற்றை ஆராய்வதில் நம்மவர்க்கு நிகர் யாருமில்லை. நெருக்கமில்லாத நெசவின் கண்களின் வழியே தூவி வெளியேறிவிடும். ஆகவே மெல்லிய நூலில் மிக நெருக்கமாக நெய்த துணி வேண்டும். நீர் ஒட்டாத பூச்சும் இருத்தல் நன்று. அடுத்து, தையல் கோடுகளைப் பாருங்கள். மேல்துணியையும் உள்துணியையும் சேர்த்து ஒரே தையலாக அடித்திருந்தால், அக்கோட்டில் தடிப்பே இராது. குளிர் அவ்வழியே புகும். கோடுகள் குறைவாகவும், உள்ளும் புறமும் தனித்தனியாகவும் அமைந்த காலணியே மேல்.

ஐந்தாவது, கணுக்கால். மேல் விளிம்பில் இழுத்துக் கட்டும் கயிறு இருக்க வேண்டும். இல்லையெனில் ஒவ்வோர் அசைவிலும் சூடான காற்று வெளியேறி, குளிர்ந்த காற்று உட்புகும். கயிற்றைச் சேர்த்து மூடினால் போதும், இறுக்கிக் கட்டலாகாது.

பருத்தியைப் பற்றி ஒரு வார்த்தை

பருத்தியால் வாழும் நாம் பருத்தியைக் குறைகூற விரும்பவில்லை. வெப்ப நாட்டிற்கு அதற்கு இணையான துணி இல்லை. வியர்வையை உறிஞ்சி மெல்ல உலர்ந்து உடலைக் குளிர்விப்பதே அதன் பெருமை. அந்தப் பெருமையே பனியில் குறையாகிறது. பருத்தி இழை நனைந்தால் துவண்டு படிந்து, காற்றறைகளை இழக்கிறது. ஆட்டுக் கம்பளி பருத்தியைவிட மிகுதியாகவே ஈரத்தை ஏற்கும்; ஆயினும் அதன் இழையில் இயற்கையான சுருள் இருப்பதால், ஈரத்திலும் நிமிர்ந்து நின்று காற்றைப் பிடித்து வைக்கிறது. ஆகவே கூடாரக் காலணியினுள் அணியும் காலுறை கம்பளியாகவே இருக்கட்டும்.

1962 அக்டோபரில் வடகிழக்கு எல்லையில் நாம்கா சூ ஆற்றங்கரையில் நின்ற நம் போர்வீரர் பலர், பருத்திச் சீருடையும் கான்வாஸ் காலணியும் அணிந்தே அக்கொடுங்குளிரைத் தாங்க நேர்ந்தது. ஒரு துணி எவ்வளவு நல்லதாயினும், அதற்குரிய இடமறிந்து பயன்படுத்த வேண்டும் என்பதற்கு அதைவிடத் துயரமான சான்று வேண்டுவதில்லை.

குளிர்நாட்டு மக்கள் இதனை அனுபவத்தால் அறிந்திருக்கின்றனர். ரஷ்யக் குடியானவர்கள் ஆட்டு ரோமத்தை அடித்துத் தையலே இல்லாத பூட்ஸ் செய்கின்றனர். ஸ்காண்டிநேவியாவின் வடகோடியில் வாழும் சாமி மக்கள், கலைமான் தோல் காலணியினுள் உலர்ந்த கோரைப் புல்லை அடைத்து அணிந்தனர். இரவில் அப்புல்லை வெளியே எடுத்து உலர்த்தி, மறுநாள் மீண்டும் அடைப்பர். திணிப்பைவிட அதை உலர்வாக வைத்திருப்பதே முக்கியம் என்பதை அவர்களுக்கு எந்த விலைப்பட்டியலும் கற்பிக்கவில்லை.

பயன்படுத்தும் முறை

தங்குமிடம் சேர்ந்தவுடன், கால் சூடாக இருக்கும்போதே, பூட்ஸையும் ஈரமான காலுறையையும் கழற்றிப் பாதத்தை நன்கு துடைத்து, உலர்ந்த காலுறை அணிந்து, அதன் பின் கூடாரக் காலணியை அணிக. இரவிற்கென்று ஒரு சோடிக் காலுறையைத் தனியே வைத்து, பகலில் அதனைத் தொடாதிருத்தல் நலம். பாதம் முன்பே சில்லிட்டிருந்தால் சிறிது நேரம் கைகால்களை அசைத்து, சூடாக உண்டபின் படுக்கவும். வெந்நீரை உலோகப் புட்டியில் அடைத்து, மூடியை இறுக்கி, ஒரு காலுறையினுள் இட்டு, உறக்கப் பையில் பாதத்தருகே வைத்துக்கொள்வது மிகவும் பயன்தரும். வரவு குறைந்த வேளையில் அது வெளியிலிருந்து கிடைத்த கடன் போன்றது.

வெளியே செல்ல நேர்ந்தால், சிறிது தூரமே ஆயினும், பூட்ஸை அணிந்தே செல்ல வேண்டும். கூடாரக் காலணியை நெருப்பின் அருகே உலர்த்தினால் நைலான் உருகிவிடும். மூடிய கூடாரத்தினுள் குளிர் காய்வதற்காக ஸ்டவ் எரிப்பது உயிருக்கே ஆபத்து. அதிலிருந்து எழும் நச்சுவாயுவிற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

பனிக்கடியின் அடையாளங்களையும் அறிந்திருத்தல் அவசியம். முதலில் வலி, அடுத்து மரத்துப்போதல், தோல் வெளுத்து மெழுகு போலாதல். வலி நின்றுவிட்டதே என்று மகிழ்வது பெருந்தவறு. அவ்விடத்தைத் தேய்க்கவோ, பனியால் தடவவோ, நெருப்பில் காட்டவோ கூடாது. உணர்ச்சியற்ற தோல் சுடுவதை அறியாது. குழுத் தலைவரிடம் உடனே கூறி, மருத்துவ உதவியை நாட வேண்டும். சூடாக்கிய விரல் மீண்டும் உறையுமானால் சேதம் முன்னிலும் மிகும் என்பதால், தாமே சிகிச்சை செய்ய முயலலாகாது.

கூட்டாகச் செய்க

வாழ்நாளில் நான்கைந்து இரவுகளுக்காக ஒவ்வொருவரும் பெரும்பொருள் செலவிட்டுக் காலணி வாங்க வேண்டுமா? வேண்டுவதில்லை. லே, மணாலி போன்ற ஊர்களில் மலையேற்றச் சாதனங்களை வாடகைக்குத் தரும் கடைகள் உள்ளன. வாடகைக்கு எடுக்கும்போது திணிப்பை அழுத்தி விட்டுப் பாருங்கள். மீண்டும் எழும்பாத காலணி வெறும் துணிப் பையே. அல்லது நண்பர்கள் சேர்ந்து பொதுவில் இரண்டு மூன்று சோடிகள் வாங்கி, முறை வைத்துப் பயன்படுத்தலாம். பயணம் முடிந்தபின் நன்கு உலர்த்தி, அமுக்கிக் கட்டாமல், தளர்வான துணிப் பையில் வைத்தால் பல ஆண்டுகள் உழைக்கும்.

நம் அங்கத்தினரின் இளைய மகன் பட்டியலில் நடுத்தர விலையுள்ள ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். பாலியெஸ்டர்த் திணிப்பு, தடித்த ஃபோம் அடி, ஓர் அளவு பெரியது. காலுறையைத் தாயார் கம்பளி நூலில் பின்னிக் கொடுத்திருக்கிறார். மீதமான பணத்தில் ஒரு நல்ல வெந்நீர்ப் புட்டி வாங்கும்படி அண்ணனே கூறினாராம். அவர் நலமே சென்று, பத்து விரல்களோடும் திரும்பி வர வேண்டும் என்பது நம் விருப்பம். பனிக்குச் செல்லவிருக்கும் பிற அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகளும் அடியைப் பார்த்து வாங்குக, உலர்வாக வைத்திருக்க.